இறுக்கிக் கட்டக்கூடாத காயம்: அறுகம்குடாவில் அலைச்சறுக்கலும் கண்களும்

"அக்கா, நீங்க இந்தப் பக்கம் வந்து இருங்க. அந்தப் பக்கம் இருந்தா எனக்கு உங்களத் தெரியாது."

அவர் அப்படிச் சொல்லும்வரை அவருடைய இடது கண்ணை நான் கவனிக்கவில்லை. வெளியில் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்மணி மட்டும் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டு, கண்ணீர்த்துளி மாதிரி இருந்தது. அதுவும் அவர் சொன்ன பிறகு கிட்டப் போய்ப் பார்த்ததால் தெரிந்தது.

கடந்த பருவத்தில், ஜூலை மாதம், அறுகம்குடாவுக்கு நான் போனது வேறொரு கட்டுரைக்காக. சுற்றுலாத் தொழிலில் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று எழுதுவதுதான் நோக்கம். பொத்துவிலுக்கு வடக்கே உள்ள தமிழ்க் கிராமமொன்றிலிருந்து வந்து அலைச்சறுக்கல் பழக்குகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார், அவரோடு கதையுங்கள் என்று சொல்லி விட்டார்கள். வயது 26. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு கண் தெரியாத ஆளிடம் பிள்ளைகளைப் பழக அனுப்புவார்களா என்ற பயம். அது நியாயமான பயம்தான். இந்தக் கட்டுரையில் அவர் 'தம்பி' மட்டுமே.

இரண்டு பருவங்களுக்கு முன்னர், விஸ்கி பொயின்ட் பக்கம், பெரிய அலைகூட இல்லாத ஒரு பின்னேரம். அலையிலிருந்து விழுந்தார், மூழ்கினார், மூச்சு வாங்க மேலே வந்தார். தலை தண்ணீருக்கு வெளியே வந்த அதே நொடியில் அவருடைய சொந்தப் பலகையின் மூக்கு வந்து இடது கண்ணில் குத்தியது. "இரத்தம் பெருசா வரல்ல அக்கா. அதான் பெரிய காயம் இல்லெண்டு நினைச்சன்." கூட்டாளிகள் போத்தல் தண்ணீரால் கண்ணைக் கழுவி விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா சுத்தமான வெள்ளைத் துணியை மடித்து வைத்து, மேலே இன்னொரு துணியால் இறுக்கிக் கட்டினார். விடியும்வரை வலியும் சத்தியும். காலையில்தான் வைத்தியசாலை.

கண்கோளம் கிழிந்திருந்தது. தைத்தார்கள். கண் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும்.

அவருடைய அம்மாவை அன்று மாலை வீட்டில் சந்தித்தேன். 1990இல் சிறு பிள்ளையாகத் திருக்கோவில் பக்கம் இடம்பெயர்ந்து போனவர். நான் எதையும் கேட்பதற்கு முன்னரே அவர் சொன்னது இதுதான்: "செல் பட்ட காயத்துக்கு நாங்க அப்பிடித்தானே மகள் கட்டினது. அழுத்திக் கட்டினாத்தானே இரத்தம் நிக்கும். கண்ணுக்கு அப்பிடிக் கட்டக்கூடாதெண்டு ஆர் எங்களுக்குச் சொன்ன?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. நான் வன்னியில் வளர்ந்தவள். பதுங்குகுழிக்குள் இருந்த எல்லோரையும் போல எனக்கும் அந்த முதலுதவிதான் தெரியும்: காயத்தை அழுத்து, இறுக்கிக் கட்டு, தூக்கிக்கொண்டு ஓடு. கைகால் காயங்களில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பாடம் அது. கண்ணில் அதே பாடம் எதிர்மாறாக வேலை செய்யும் என்பதை இந்தக் கட்டுரைக்காக வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் அறிந்தேன். ஆகவே போன விடயத்தை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அலை அல்ல, சொந்தப் பலகை

அலைச்சறுக்கலில் என்ன ஆபத்து என்று கேட்டால் அலை, பாறை, சுறா என்றுதான் சொல்வோம். 2002இல் அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான ஆய்வு 1,348 சறுக்குவீரர்களிடம் விவரம் சேகரித்தது. அவர்கள் சொன்ன காயங்களில் 55 சதவீதம் தங்களுடைய சொந்தப் பலகையில் அடிபட்டதால் வந்தவை. இன்னொருவரின் பலகையால் வந்தவை 12 சதவீதம். கடலடித் தரையில் மோதி வந்தவை 17 சதவீதம். எல்லாக் காயங்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலையிலும் கழுத்திலும்.

கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. விழித்திரை நோய்களுக்கான சஞ்சிகையொன்றில் 1998இல் அமெரிக்க வைத்தியர்கள் அலைச்சறுக்கலில் கண் காயப்பட்ட 11 பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் குற்றவாளி ஒன்றுதான்: பலகையின் கூரிய மூக்கு.

ஏன் மூக்கு? நம் முகத்தைத் தடவிப் பார்த்தால் விளங்கும். கண்ணைச் சுற்றி எலும்பு விளிம்பு ஒன்று இருக்கிறது: மேலே புருவ எலும்பு, கீழே கன்ன எலும்பு, உள்ளே மூக்கெலும்பு. அந்த வளையத்தின் வாய் கிட்டத்தட்ட 4 சென்றிமீற்றர் அகலம். உள்ளே இருக்கும் கண்கோளம் சுமார் 2.4 சென்றிமீற்றர். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும்போது டென்னிஸ் பந்து முகத்தில் பட்டால், பந்து அந்த வாயைவிடப் பெரிது என்பதால் அடியின் பெரும்பகுதியை எலும்பு வாங்கிக்கொள்ளும். கண்டிச் சிவந்தாலும் பெரும்பாலும் கண் தப்பும். ஆனால் கூரிய மூக்குள்ள பலகையின் நுனி இரண்டு விரல் அகலம்கூட இராது. எலும்பைத் தொடாமலே உள்ளே போய், பின்னால் பலகையின் முழுப் பாரத்தோடும் கடலின் வேகத்தோடும் கண்ணை அழுத்தும்.

கண் தண்ணீர் நிறைந்த பந்து மாதிரி. ஒரு பக்கம் திடீரென்று அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறி, சுவர் மெல்லியதாக உள்ள இடத்தில் வெடிக்கும். கருவிழியைச் சுற்றிய விளிம்பும், கண்ணை அசைக்கும் தசைகள் ஒட்டியிருக்கும் இடங்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதியும் அப்படிப்பட்ட இடங்கள். இன்னொன்றும் உண்டு: முன்பு தைத்த அல்லது சத்திரசிகிச்சை செய்த தழும்பு. இதை வாசிப்பவர்களில் போரில் கண்ணில் சன்னம் பட்டுத் தைத்தவர்கள் இருப்பீர்கள். அந்தத் தழும்பு எத்தனை வருடம் போனாலும் பிறவிச் சுவரின் பலத்துக்கு வருவதில்லை. கிரிக்கெட்டோ சறுக்கலோ வயல் வேலையோ, அந்தக் கண்ணில் அடுத்த அடி விழுந்தால் கிழிவது பெரும்பாலும் அதே இடத்தில்.

சரி, அலையோடு போன பலகை ஏன் திரும்பி வருகிறது?

கணுக்காலையும் பலகையின் வால் பகுதியையும் இணைக்கிற கயிற்றால். லீஷ் என்பார்கள். பொத்துவில் பிள்ளைகள் வெறுமனே 'கயிறு' என்பார்கள். விழுந்தால் பலகை கரைக்கு அடித்துப்போகாமலும் மற்றவர்கள்மேல் போய் மோதாமலும் இருக்க அது வேண்டும். கயிறில்லாமல் கூட்டத்துக்குள் இறங்குவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கயிறு இழுபட்டு நீண்டு, பிறகு சுருங்கும்போது பலகையை விழுந்தவரின் திசைக்கே எறியும். ஆள் தண்ணீருக்குள்ளே ஒரு நொடி, இரண்டு நொடி. மேலே வரும் நேரமும் பலகை திரும்பி வரும் நேரமும் ஒன்றாகிவிட்டால், தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

கயிற்றின் வரலாற்றிலேயே இந்தக் காயம் இருக்கிறது. குளிர்ந்த கடலில் அணியும் நீர்ச்சறுக்கு உடைகளுக்குப் பெயர்போன கலிபோர்னியாக்காரர் ஜாக் ஓ'நீல், 2017இல் தனது 94ஆவது வயதில் இறந்தார். அவருடைய எல்லாப் படங்களிலும் இடது கண்ணில் கறுப்பு மறைப்பு இருக்கும். கடற்கொள்ளையர் வேடம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கயிறு புதிதாக வந்தபோது அதை வைத்தியசாலைகளில் பாவிக்கும் றப்பர் குழாயால் செய்தார்கள். அதைச் செய்து பார்த்தவர்களில் முன்னோடி அவருடைய மகன் பாட். றப்பர் அளவுக்கு மீறி இழுபட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் திரும்பியது. தகப்பனின் இடது கண் போனது அப்படித் திரும்பி வந்த பலகையால். இன்றைய கயிறுகள் அவ்வளவு இழுபடாத யூரித்தேனால் செய்யப்படுகின்றன. ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

கண்கோளம் கிழிவது மிக மோசமான முடிவு. அதற்குக் கீழே வேறு படிகள் உண்டு. கண்ணுக்குள்ளே, கருவிழிக்குப் பின்னால் இரத்தம் தேங்கலாம். கண்குழியின் அடித்தளத்து மெல்லிய எலும்பு உடைந்து, மேலே பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியலாம். விழித்திரை கிழிந்து, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பிரியலாம். திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கமிருந்து கறுப்புத் திரை இறங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். "அண்டைக்கு அடிபட்டது, இப்ப சுகம்" என்று விட்டவர்கள் பிறகு பார்வையை இழப்பது இந்த வழியில்தான்.

தம்பி இப்போது பழக்கும் விதம்

மறுநாள் காலை பேபி பொயின்டில் மணலில் இருந்து அவர் பழக்குவதைப் பார்த்தேன். பெயருக்கேற்ப புதியவர்களுக்கான இடம். மெயின் பொயின்ட் மாதிரி அடியில் பாறையில்லை, மணல். ஆனால் சிறிய இடம், நிறையப் பலகைகள், எல்லோரும் விழப் பழகிக்கொண்டிருப்பவர்கள். பாதி நேரம் அவர் கத்திக்கொண்டே இருந்தார். பார்வையில்லாத பக்கம் இன்னொரு பையனை நிறுத்தியிருந்தார்.

அரை மணித்தியாலம் மணலிலேயே போனது. அலையில் எழும்பி நிற்பதைவிட விழுவதைத்தான் முதலில் பழக்குகிறார். பலகைக்கு முன்னால் விழாதே, பக்கத்துக்கோ பின்னாலோ விழு. தலைகீழாகப் பாயாதே, தட்டையாக விழு. விழுந்த உடனே இரண்டு கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடு. முழங்கைகள் முகத்துக்கு முன்னால் வரவேண்டும். உள்ளே இருந்து இரண்டு மூன்று எண்ணு. மேலே வரும்போதும் கை முகத்தை விட்டுப் போகக்கூடாது. ஒரு முன்கை முகத்துக்குக் குறுக்கே இருக்க, மூச்சு வாங்கு, பிறகுதான் பலகை எங்கே என்று பார்.

"எல்லாரும் செய்யிற பிழை இதுதான் அக்கா. மூச்சுக்கு அவதிப்பட்டு, முகத்த நிமித்திக்கொண்டு கைய கீழ விட்டுட்டு மேல வருவாங்க. நானும் அப்பிடித்தான் வந்த."

பிறகு கயிறு. பலகையின் நீளமும் கயிற்றின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஆறடிப் பலகைக்கு ஆறடிக் கயிறு. கட்டையான கயிறு என்றால் பலகை கிட்டவே நின்று வேகமாகத் திரும்பும். வெட்டு விழுந்த, வெளுத்துப்போன கயிற்றை எறிந்துவிட வேண்டும். விழுந்த பிறகு பலகையைப் பிடிக்கக் கயிற்றைச் சுண்டி இழுப்பது பலருடைய பழக்கம். அப்படி இழுத்தால் பலகை நேரே முகத்துக்கு வரும். கரைக்கு நடந்து வரும்போதோ, அலையை எதிர்த்து உள்ளே போகும்போதோ பலகையை உனக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதே, பக்கத்தில் வைத்துக்கொள். இல்லையென்றால் அலை பலகையைத் தூக்கி உன் முகத்தில்தான் அடிக்கும்.

மற்றவர்களின் பலகையிலிருந்து தப்புவது ஒழுங்கைப் பொறுத்தது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு ஆகக் கிட்ட இருப்பவருக்கே அந்த அலை. அவருக்கு முன்னால் குறுக்கே இறங்குவது உலகம் முழுவதும் தவறு. பருவ உச்சத்தில் மெயின் பொயின்டில் இந்தச் சண்டை ஒவ்வொரு காலையும் நடக்கும். அதில் வாய்த்தர்க்கம்தான் அதிகம் பேசப்படுகிறது. காயம் பற்றி யாரும் பேசுவதில்லை.

பலகையைப் பொறுத்தவரை, புதியவர்களுக்கு மேலே நுரைப்பஞ்சு போர்த்த மென்பலகைதான். அதன் மூக்கு அகலமும் மென்மையும். அதுவும் வேகமாக வந்தால் அடிக்கும், ஆனால் கண்குழிக்குள் நுழையாது. கண்ணாடியிழைப் பூச்சுள்ள கூர்மூக்குப் பலகைகளுக்கு மூக்குக் கவசம் என்று ஒரு சின்ன சிலிக்கன் அல்லது றப்பர் தொப்பி இருக்கிறது. பலகையின் நுனியில் ஒட்டிவிடுவது. வேலை எளிது: கூர்மையான நுனியை மழுக்கி அகலமாக்கி, கண்ணுக்குப் போகவேண்டிய அடியை எலும்புக்கு மாற்றுவது. சறுக்குவதில் எந்த வித்தியாசமும் தெரியாது என்கிறார்கள். பின் ஏன் எல்லாரும் போடுவதில்லை? "வடிவில்லையாம் அக்கா." தம்பி சிரித்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்கள் சொந்தப் பலகையோடு வருகிறார்கள். அல்லது கடையில் நல்ல மென்பலகையை வாடகைக்கு எடுக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் பழகுவது அவர்கள் விட்டுப்போன, மூக்கு உடைந்து ஒட்டுப்போட்ட பழைய கூர்மூக்குப் பலகைகளில். உடைந்து ஒட்டிய மூக்கில் கண்ணாடியிழைச் சிராய் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். ஆகக் குறைந்த அனுபவமுள்ளவரின் கையில் ஆகக் கூடிய ஆபத்தான பலகை. 2018இலிருந்து அறுகம்குடாவில் பெண்களுக்கென்றே ஒரு சறுக்கல் கழகம் இயங்குகிறது, ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைத் தொழிலாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூக்குக் கவசம் பலகையோடு சேர்த்து வாங்கவேண்டிய சாமானாக இருக்கவேண்டும். பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் அதைப் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். இதைச் சட்டமாக்க யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

பலகையின் அடியில் உள்ள துடுப்புச் சிறகுகளும் வெட்டும். அதனால் இமையும் கிழியலாம். சிறகின் பின்விளிம்பை மெல்லிய உரத்தாளால் மழுக்கிவிடலாம், அல்லது வளையக்கூடிய சிறகு போடலாம்.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டு இறங்கலாமா என்று பலர் கேட்பார்கள். நீச்சல் கண்ணாடி வேண்டாம். அதன் கடின விளிம்பு கண்குழிக்குள்ளேயே பொருந்துவதால் அடி விழுந்தால் அந்த விளிம்பே கண்ணை அழுத்தும். சறுக்கலுக்கென்று செய்த, பட்டியோடு வரும், பொலிகாபனேட் வில்லையுள்ள கண்ணாடி உண்டு. முகமறைப்புள்ள ஹெல்மட்டும் உண்டு. ஒரு கண் மட்டும் தெரிபவர்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். தம்பி இப்போது அதில்லாமல் இறங்குவதில்லை. கண்ணுக்குள் வைக்கும் கொன்ராக்ட் லென்ஸோடு கடலிலோ களப்பிலோ இறங்கக்கூடாது. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் தங்கிப் புண்ணாக்கினால் குணப்படுத்துவது மிகக் கடினம்.

அடிபட்டால்

அம்மா கேட்ட கேள்விக்குரிய பதில் இது. சறுக்கலுக்கு மட்டுமல்ல, கம்பி, கல், பட்டாசு, விறகுச் சிராய், எதனால் கண்ணில் காயம் என்றாலும் பொருந்தும்.

பலமாக அடிபட்டு, பார்வை குறைந்தாலோ, கண்மணி வட்டமாக இல்லாவிட்டாலோ, வெள்ளை விழியில் இரத்தம் தடிப்பாகப் பரவியிருந்தாலோ, கறுப்பாக அல்லது கூழாக ஏதாவது வெளியே தெரிந்தாலோ, கண் கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடக்கவேண்டும். இரத்தம் அதிகம் வரவில்லை என்பது ஆறுதல் அல்ல. கண்கோளம் கிழிந்தால் இரத்தம் கொட்டவேண்டுமென்று இல்லை.

அப்படிப்பட்ட கண்ணை அழுத்தினால், கிழிவின் வழியாக உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். அழுத்திக் கட்டிய துணி ஒவ்வொரு நிமிடமும் அதைத்தான் செய்யும். ஆகவே துணி, பஞ்சு எதுவும் கண்ணைத் தொடக்கூடாது. கசக்கக்கூடாது. இமையை வலுக்கட்டாயமாகத் திறந்து பார்க்கக்கூடாது. கழுவவும் கூடாது. (சுண்ணாம்பு, அசிட், கிருமிநாசினி பட்டால் மட்டும் நேர்மாறு: உடனே, நிறையச் சுத்தமான தண்ணீரால், நீண்ட நேரம் கழுவவேண்டும்.) ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் இழுத்தெடுக்கக்கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைப்பூச் சாறு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டுமருந்து, எதுவும் விடக்கூடாது.

செய்யவேண்டியது ஒன்றுதான்: கண்ணுக்கு மேல் கூரை போடுவது. தேநீர் குடிக்கிற கடதாசிக் கோப்பை ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்கார, கண்ணைத் தொடாமல் குழிவாக நிற்க, பிளாஸ்டரால் நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டுங்கள். பிளாஸ்ரிக் போத்தலின் அடியும் சரிவரும், வெட்டிய விளிம்பை மட்டும் மழுக்கவேண்டும். ஆளைத் தலை சற்று உயர்ந்திருக்க மல்லாத்திப் படுக்கவிடுங்கள். குனியவோ பாரம் தூக்கவோ விடாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், குளிசை எதையும் வாயால் கொடுக்காதீர்கள். மயக்கமருந்து கொடுத்துத் தைக்கவேண்டி வரலாம். இரத்தத்தை இளக்கும் அஸ்பிரின் கூடவே கூடாது. சத்தி வந்தால் வைத்தியசாலையில் முதலில் அதைச் சொல்லுங்கள். சத்தி எடுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அதை நிறுத்த ஊசி இருக்கிறது. ஏற்பு ஊசி எப்போது போட்டது என்பதும் கேட்பார்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைத்து "கண்ணில் பலமான அடி, கண் கிழிந்திருக்கலாம்" என்று சொல்லுங்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே கண் வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு முதலில் போவது சரி, ஆனால் அங்கே "கண் நிபுணர் இருக்கிறாரா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. முதல் 24 மணித்தியாலத்துக்குள் தைப்பதுதான் நோக்கம். பிந்தப் பிந்த உள்ளே கிருமி ஏறும் வாய்ப்புக் கூடும்.

தைத்த பிறகு கிளினிக் நாட்களைத் தவறவிடக்கூடாது. மிக அரிதாக, காயப்பட்ட கண்ணுக்கு எதிராக உடல் தொடங்கும் எதிர்ப்பு, நல்ல கண்ணையும் தாக்கும். வாரங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். நல்ல கண் சிவந்து, வெளிச்சம் கூசி, மங்கினால் அன்றைக்கே போகவேண்டும். போர்க்காலத்தில் கண்ணில் காயப்பட்டு, பிறகு ஒருமுறையும் கிளினிக் போகாத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இது பொருந்தும். கண்ணிலோ தலையிலோ சன்னம் தங்கியிருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போனால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும்.

மெதுவாக வரும் காயம்

இதை எழுதும்போது எனக்கு மாமாவின் ஞாபகம். அம்மாவின் தம்பி. 2009இல் செல் சன்னத்தில் வலது கண் போனது. இப்போது முல்லைத்தீவில் தொழிலுக்குப் போகிறார். அவருடைய மிஞ்சிய கண்ணில், மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சிவந்த சதை ஒன்று வளர்ந்து வருகிறது. 'கண்ணில சதை' என்று கரையோரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஆங்கிலத்தில் இதற்குச் 'சறுக்குவீரர் கண்' என்றே ஒரு பெயர். அலைச்சறுக்கலைக் கண்ணாலும் காணாத மாமாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு!

காரணம் ஒன்றுதான்: வெயிலின் புற ஊதாக் கதிர். கூடவே காற்றும் உப்பும் மணலும். மேலிருந்து வருவது பாதிதான். கீழேயிருந்தும் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கடல் நுரை புற ஊதாக் கதிரில் சுமார் 25 சதவீதத்தையும், உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும் திருப்பி எறிகிறது. முகில் மூடிய நாளிலும் தப்பமுடியாது. ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சினால், இரவு கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரியும். கருவிழியில் வெயில் சுட்ட காயம் அது, ஓரிரு நாளில் ஆறிவிடும். வருடக்கணக்கில் சேர்ந்தால் சதை வளரும், கண்புரையும் முந்தி வரும். சதை கருவிழியின் நடுவை மூடும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வெட்டினாலும் திரும்ப வளரக்கூடியது. வெட்டிய இடத்தில் அதே கண்ணின் வெண்படலத் துண்டை வைத்து ஒட்டினால் திரும்ப வளரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். சத்திரசிகிச்சைக்குத் திகதி தரும்போது எந்த முறை என்று கேளுங்கள்.

தடுக்க வழி விலையுயர்ந்ததல்ல. அகன்ற விளிம்புத் தொப்பி கண்ணுக்கு வரும் கதிரைப் பாதியளவுக்குக் குறைக்கும். கறுப்புக் கண்ணாடி வாங்கினால் 'யூ.வி. 400' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் விற்கும் வெறும் கறுப்புப் பிளாஸ்ரிக் ஆபத்து: இருட்டில் கண்மணி விரியும், கதிர் இன்னும் கூடுதலாக உள்ளே போகும். பக்கங்களை மூடும் வளைந்த சட்டம் நல்லது. தலைக்குப் பின்னால் ஒரு நாடா கட்டிவிட்டால் வலை இழுக்கும்போது விழாது. மாமாவுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் வெட்கப்பட்டார், கரையில் இருப்பவர்கள் "என்ன, சினிமாவுக்கோ" என்று கேட்டார்களாம். இப்போது அவருடைய படகில் மூன்று பேர் போடுகிறார்கள்.

அறுகம்குடாவிலிருந்து புறப்படுவதற்கு முன் தம்பியிடம் போனேன். கடைக்குப் பின்னால் மர நிழலில் பழைய கூர்மூக்குப் பலகைகள் நான்கைக் கிடத்தியிருந்தார். கவசம் கொழும்பிலிருந்து வர நாட்கள் எடுக்குமாம். அதுவரைக்கும் தேய்ந்த றப்பர்ச் செருப்புகளை வட்டமாக வெட்டி, மூக்கில் குடைந்து பொருத்தி, பசை பூசிக்கொண்டிருந்தார். தாயார் பக்கத்தில் இருந்து செருப்பை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வடிவாக இல்லைதான். நாலாவதுக்குப் பசை போட்டுவிட்டு, பின்னேரம் பலகை கேட்டு வந்த இரண்டு பையன்களிடம் தம்பி சொன்னார்: "இண்டைக்கு ஏலாது. பசை காயணும். நாளைக்கு வாங்க."